கச்சிராயபாளையத்து ராப்பர் ரெனாட்டோ

கீபோர்டுக்கு உறை தைக்கக் கொடுத்த கடையில் நான் நின்றுகொண்டிருந்தபோது ஏழுமலை போன் செய்தான். எங்கள் இசைக்குழுவில் இருபது வருடமாக ட்ரம்ஸ் வாசிப்பவன் அவன். "மாஸ்டர், ரெனாட்டோ செத்துப்பூட்டான். வெள்ளிமலையிலருந்து எறங்கிக்கினு இருந்தானாம். வளைவுல பைக்கு சறுக்கிடுச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள உசுரு இல்ல" என்றான். என் வாயிலிருந்து முதலில் வந்தது, "என் கார்ட்லெஸ் மைக்கு இன்னாச்சி?" என்ற கேள்விதான். ஏழுமலை, "நீயெல்லாம் மனுசனா மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அஞ்சலிக் கட்டுரை என்று கண்ணீர் எதிர்பார்த்துப் படிக்க வந்தவர்கள் வேறு பக்கம் போகலாம். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. நானும் எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. இருந்தபோது 'அவன்'தான். செத்ததற்காகவெல்லாம் பதவி உயர்வு கொடுக்க முடியாது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிளக்ஸ் வைத்திருக்கிறார்கள். 'உலக மேடைகளை உலுக்கிய ராப் சிங்கமே' என்று ஆரம்பிக்கிறது. எழுதியவருக்கு உலகம் மணலூர்பேட்டையோடு முடிந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். படத்தில் ரெனாட்டோவுக்கு ரோஸ் கலரில் முடி, கண்ணுக்கு மை, காதில் மூன்று வளையம். உயிரோடு இருந்தபோது இந்த முடியைப் பார்த்துச் சிரித்தவர்களின் படங்கள் கீழே வரிசையாக, கைகூப்பியபடி இருக்கின்றன.

இனி இந்தச் சிங்கம் மேடைகளை உலுக்கிய கதை. இவன் அப்பா ரங்கநாதன் கச்சிராயபாளையத்துக்காரர். வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அதே கட்டடத்தில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அந்த அம்மாவோடு மணிலாவுக்கே போய்த் தங்கிவிட்டார். பையன் அங்கே பிறந்து, அங்கே வளர்ந்து, பாய் பேண்ட் ஒன்றில் சேர்ந்தான். ஐந்து பையன்கள் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு ஆடிப் பாடுவார்கள், அதுதான் பாய் பேண்ட். நாலு பேர் பாடுவார்கள். இவன் ராப்பர், அதாவது ராகம் இல்லாமல் வேகமாகப் பேசுகிறவன். அந்த வீடியோக்களை நான் யூடியூபில் பார்த்திருக்கிறேன். மூன்றரை நிமிடப் பாட்டில் இவன் பங்கு கால் நிமிடம்கூட வராது. மிச்ச நேரமெல்லாம் ஓரமாக நின்று தலைமுடியைக் கோதிக்கொண்டிருப்பான். எங்கள் குழுவில் சிங்கி தட்டுகிறவருக்கு இதைவிட வேலை அதிகம்.

ஷாப்பிங் மால் வாசல்களில் ஆடினார்கள். ஷாம்பு விளம்பரத்தில் ஒருமுறை வந்தார்கள். நாலு வருடத்தில் குழு கலைந்தது. ஒருத்தன் தனியாகப் பாடப் போனான், ஒருத்தன் கப்பலில் சமையல் வேலைக்குப் போனான், மற்ற இருவரும் குடும்பம் நடத்தப் போனார்கள். ராப்பரைத் தேடி யாரும் வரவில்லை. அந்தச் சமயத்தில் அப்பா இறந்துபோக, அவர் அஸ்தியைக் கோமுகி ஆற்றில் கரைக்க வந்தவன், பெரியப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு அப்படியே இங்கே தங்கிவிட்டான். பாஸ்போர்ட்டில் பிலிப்பைன்ஸ்காரன். பேச்சில் அவன் அப்பாவேதான். "வாத்தியம்லாம் வூட்லயே வெச்சிருக்கீங்களா குயா?" என்று முதல்நாள் என் வாசலில் நின்று கேட்டான். குயா என்றால் அவன் அம்மா பாஷையில் அண்ணன். ரோஸ் முடிக்குக் கீழே இருந்து கச்சிராயபாளையத்துப் பேச்சு வந்ததைக் கேட்டு என் மனைவி சிரிப்பை அடக்க உள்ளே போய்விட்டாள்.

ஒத்திகையில் ஸ்ருதி தெரியவில்லை. எந்தக் கட்டையில் எடுப்பாய் என்று கேட்டால், "எந்தக் கட்டன்னாலும் ஓகே குயா, நான் பேசத்தான போறேன்" என்பான். தத்துவம் மட்டும் குறைவில்லாமல் வரும். "பாடறவன் மூச்சு உட்டா பாட்டு நிக்கும். ராப்பர் மூச்சு உட்டா ஆளே செத்தான்னு அர்த்தம்" என்பான். சொல்லிவிட்டு இரண்டு வரிக்கு ஒருதரம் மூச்சு வாங்குவான், அத்தனை சிகரெட். இன்னொன்றும் அடிக்கடி சொல்வான்: "ரைம் வந்துட்டா போதும் குயா, அர்த்தம் தானா பின்னால நடந்து வரும்." வந்ததே இல்லை.

அப்படியானால் ஏன் சேர்த்துக்கொண்டாய் என்று கேட்பீர்கள். கூட்டம் வந்தது, அதனால்தான். நம் பக்கத்துத் திருவிழாக் கச்சேரிகள் உங்களுக்குத் தெரியும். அன்பளிப்புத் தந்தவர்களின் பெயர்ச் சீட்டுகள் மேடைக்கு வரும், பாட்டுக்கு நடுவே நாங்கள் வாசிப்போம். 'வடக்குத் தெரு இன்னாரின் மகன் இன்னார்' என்று நான் வாசித்தால் கூட்டம் கொட்டாவி விடும். ஒருநாள் நைனார்பாளையத்தில் என் தொண்டை கட்டிக்கொண்டதால் சீட்டை இவன் கையில் கொடுத்தேன். ஏழுமலை ட்ரம்ஸில் ஒரு தாளம் போட, இவன் பெயர்களை எல்லாம் ராப்பாக அடுக்கிவிட்டான். அப்பா பேர், ஆத்தா பேர், தெரு, தொழில் எல்லாம் ரைமில் வந்து விழுந்தன. தன் பெயர் அப்படி ஒலிப்பதைக் கேட்க ஊரே சீட்டு எழுதியது. அடுத்த ஆறு மாதம் எங்களுக்கு ஓய்வே இல்லை. மணிலாவில் கால் நிமிடம் கிடைத்தவனுக்கு இங்கே முழு மேடை கிடைத்தது. தலை கனத்துப்போய் ஒத்திகைக்கு வருவதையே நிறுத்திவிட்டான்.

கோமுகி அணைக்குக் கீழே ஒரு ஊர், பெயர் வேண்டாம். சீட்டுகளை எந்த வரிசையில் வாசிப்பது என்பது அங்கே பெரிய விஷயம். ஊர்த் தலைவர் முதலில், பிறகு அவர் பங்காளிகள், விழாக் குழு, அதன்பின் தெருத்தெருவாக. காலனிக்காரர்கள் கடைசி, நேரம் இருந்தால். இது எல்லாக் குழுவுக்கும் தெரியும். நானே அடுக்கி, மேலிருந்து கீழே வாசி என்று சொல்லித்தான் இவனிடம் கொடுப்பேன். அன்றைக்கு ஆம்ப்ளிஃபயர் மக்கர் செய்தது. நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது இவன் சீட்டுகளைத் தானே அள்ளிக்கொண்டு, சீட்டுக்கட்டுபோலக் கலைத்து, ரைம் எங்கே கிடைக்கிறது என்று பார்த்து ஆரம்பித்துவிட்டான்.

"அஞ்சலை பொண்ணு கௌசல்யா, ப்ளஸ் டூ பாஸு கேளய்யா!"

அஞ்சலை கரும்பு வெட்டுகிற பெண், காலனிக்காரர். மகள் பாஸானதற்காக அன்பளிப்புக் கொடுத்துச் சீட்டு எழுதியிருந்தார். இருவரும் மேடையின் பக்கவாட்டில், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். பெயரைக் கேட்டதும் கௌசல்யா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன். தலைவர் கோவிந்தசாமியின் பெயர் நாலாவதாக வந்தது.

விழாக் குழுவிலிருந்து இரண்டு பேர் மேடைக்குப் பின்னால் வந்தார்கள். "இன்னா மாஸ்டர், யாரு பேர யாருக்கு முன்னால படிக்கிறது? வேணும்னே செய்றியா? இப்பவே மைக்குல தப்புன்னு சொல்லணும். இல்லன்னா ஒயர புடுங்கிருவோம். ஒரு வண்டி ஊர தாண்டாது" என்றார்கள். அந்த ஒயர், அந்த வண்டி, ஒன்பது கலைஞர்களின் பிழைப்பு எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. ஒரு சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்: 'முதலில் வாசிக்கப்பட்ட பெயர் தவறுதலாக வாசிக்கப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.'

ரெனாட்டோ படித்துப் பார்த்தான். "இன்னா தப்பு குயா? பேரு கரெக்ட்டாத்தான சொன்னேன்?" என்றான். "சொல்லுன்னா சொல்லேன்டா" என்றேன். சரி என்று தோளைக் குலுக்கிக்கொண்டு போனான். எதிர்த்துப் பேசினானா, ஏன் என்று இன்னொருதரம் கேட்டானா? ஒன்றும் இல்லை. ஷாம்புக்கு ஆடியவனுக்கு எதைச் சொல்லச் சொன்னால் என்ன? வெறுமனே வாசித்திருந்தாலும் பரவாயில்லை. மன்னிப்பையும் தாளத்தில் போட்டான்.

"தப்பு தப்பு கௌசல்யா, அந்தப் பேரு இல்ல கேளய்யா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. விசில் பறந்தது. பையன்கள் அந்த வரியைத் திரும்பக் கத்தினார்கள், இவன் மைக்கை அவர்கள் பக்கம் நீட்டி இன்னும் கத்தச் சொன்னான். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் அப்போது யாரும் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஒரு பெண்ணைப் பார்த்து ஊரையே சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டு, வண்டியில் ஏறியதும், "செம ரெஸ்பான்ஸ் குயா!" என்றானே, அந்த வாயை என்ன சொல்ல. இரண்டு மாதத்தில் கழற்றிவிட்டேன். போகும்போது என் கார்ட்லெஸ் மைக்கையும் கொண்டுபோய்விட்டான்.

பிறகு மலைமேல் பாத்திர வண்டிக்காரர் ஒருவரிடம் சேர்ந்தான். கல்வராயன் மலைச் சந்தைகளில் சாமையும் மரவள்ளியும் விற்க வருகிறவர்களிடம் அண்டா, தவலை விற்கிற வண்டி. அதன் ஒலிபெருக்கியில் இவன் ராப். உலக மேடையின் கடைசிப் படி. ஏழுமலை ஒருமுறை வெள்ளிமலைச் சந்தையில் பார்த்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறான். "நல்லாக்கீறேண்ணே. அண்டாவ மொதல்ல சொன்னா தவலைக்குக் கோவம் வராது" என்றானாம். ஏழுமலை இதைச் சொன்னபோது, "இப்பதான் மூளை மொளைக்குதா அவனுக்கு?" என்று கேட்டேன். என்னுடைய அந்தப் பதில் எனக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அடக்கத்துக்குப் போனேன். எரிப்பதா புதைப்பதா என்று அரைநாள் வாக்குவாதம். அவன் அம்மா மணிலாவிலிருந்து வீடியோ காலில் அழுதுகொண்டே ஏதோ சொன்னார், யாருக்கும் புரியவில்லை. பெரியப்பா புதைக்கச் சொன்னார். அவருடைய கரும்புத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் ஒருபுறம் நின்றிருந்தார்கள். அதில் அஞ்சலையும் இருந்தார். எதையாவது பேசவேண்டும் என்று பக்கத்தில் போய், "பொண்ணு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"நர்சிங் படிக்குதுங்க. காலேஜுல பரிசு குடுக்க மைக்குல பேரு கூப்ட்டாங்களாம். போவலியாம், பாத்ரூம்ல போய் நின்னுக்கிச்சாம்" என்றார்.

"இந்தப் பய பண்ண வேல" என்று குழியைக் காட்டினேன்.

அஞ்சலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். குரல் ஏறவே இல்லை. "அவரு தெரியாம சொன்னாருங்க மாஸ்டரு. மொதல்ல சொன்னதும் தெரியாமத்தான், பின்னால சொன்னதும் தெரியாமத்தான். நீங்க தெரிஞ்சி எழுதிக் குடுத்தீங்க. நான் பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன்."

அவர் ஒரு பிடி மண்ணை அள்ளிக் குழியில் போட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் நடந்தார். மதியத்துக்கு மேல் வேலை இருந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம் நடந்தது. இதைப் படிக்கிற நீங்கள் பலரும் வந்திருந்தீர்கள். முன்வரிசையில் கோவிந்தசாமி இருந்தார், மாலை போட்டதும் அவர்தான். ரெனாட்டோவோடு மேடை ஏறியவன் என்று என்னைப் பேச அழைத்தார்கள். பேசவேண்டியதை வீட்டிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மைக்கைப் பிடித்ததும் தலைவர் முகத்தைப் பார்த்தேன். "கலைக்கு நாடு ஏது, மொழி ஏது" என்று இரண்டு நிமிடம் உளறிவிட்டு இறங்கினேன். நன்றாகக் கைதட்டினீர்கள்.

மேடையில் சொல்லாமல் விட்டது இதுதான். அந்த மன்னிப்பை எழுதியவன் நான். அந்தப் பெண்ணின் பெயர் தவறுதலாக வாசிக்கப்படவில்லை. தலைவர் பெயருக்கு முன்னால் வாசிக்கப்பட்டதில் தவறு ஏதும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு பிளக்ஸும் ஒரு குழியும் தேவைப்பட்டிருக்கிறது, அதுவும் காகிதத்தில், யாரும் ஒயரைப் பிடுங்க முடியாத இடத்தில்.

ரெனாட்டோவின் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது அவன்மேல் எனக்கு இருக்கும் இளக்காரம் ஒன்றுதான். ராப்பும் வரவில்லை, ஸ்ருதியும் வரவில்லை, தலையில் ரோஸ் முடியைத் தவிர ஒன்றும் இல்லாத பயல். இன்னமும் அப்படித்தான் சொல்வேன். அதை விட்டுவிட முடியாது. விட்டால் அஞ்சலை சொன்னதோடு நான் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.