தலைவலித் தைலம்

கார்ட்டூனில் ஒரு கரடி மூன்று நாளாகப் படுக்கையை விட்டு எழவில்லை. முயலும் ஆமையும் கட்டிலில் ஏறி அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தன. என் மகள் வாயிலிருந்த சோற்றை மெல்லவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் சின்ன வயதில், ஆவடி குவார்ட்டர்ஸில் என் அம்மாவும் அப்படித்தான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். ஃபாக்டரி சங்கு காலையில் ஊதும், சாயங்காலம் ஊதும்; அவள் அசைய மாட்டாள். அப்பா அதற்குத் தலைவலி என்று பெயர் வைத்திருந்தார். எதிர்வீட்டு சரோஜா அத்தை ரசத்தை ஜன்னலில் வைப்பாள். உள்ளே வர மாட்டாள். "இன்னாத்துக்குடா கத்துற? அம்மாவுக்குத் தலவலி கீதுல்ல" என்று என்னை அதட்டிவிட்டுப் போவாள்.

நான் அதை நம்பினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் நெற்றியில் தைலம் தேய்ப்பேன். வருஷக்கணக்காகத் தேய்த்ததில் நெற்றித் தோல் கறுத்துப்போனது. வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

"அந்தக் கரடி ஏன் எழுந்துக்கல, சொல்லு பாப்போம்?" என்றாள் மகள்.

"தலைவலி" என்றேன்.

"தப்புப்பா. அதுக்கு மனசு சரியில்ல."

டிவியிலிருந்து கண்ணெடுக்காமல்தான் சொன்னாள். அவளுக்கு ஆறு வயது. தைலம் தேய்க்க ஆரம்பித்தபோது எனக்கும் ஆறு.