கோலம் போட்ட முருகன்

பேப்பர் திருத்துற வேலையில கைதான் வலிக்கும்னு நெனைக்கிறவங்க, எங்க ஹெட்மாஸ்டர் பக்கத்துல ஒக்காந்து திருத்திப் பாக்கணும், வலிக்கிறது தலை. சிவப்பு மை தொட்ட பாவத்தைச் செஞ்ச உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்? 1991-ல ஒரகடம் பக்கத்துக் கிராமத்துல, ஆரம்பப் பள்ளியில நான் டீச்சர். பள்ளிக்கூடத்துக்கே ரெண்டு பேர்தான், நானும் அவரும். தங்கமான மனுஷர், பேனாவைத் திறக்காத வரைக்கும்.

அடக்கம்

ரேங்க் கார்டுல கடைசியா ஒரு வரி எழுதுறது ஹெட்மாஸ்டரோட உரிமை. அரையாண்டுப் பரீட்சையில கணக்குல கோட்டை விட்ட அஞ்சாங்கிளாஸ் முருகனுக்கு, ‘நல்ல மூளை, முயற்சி போதாது’ன்னு எழுதினார். அதே கிளாஸ்ல எல்லாத்துலயும் தொண்ணூறுக்கு மேல வாங்கின குமாரிக்கு, ‘அடக்கமானவள்.’ படிப்பைப் பத்தி ஒண்ணுமே எழுதலியே சார்னு கேட்டேன்.

“மார்க்குதான் பக்கத்துலயே இருக்கே டீச்சர், அடக்கம்னு போட்டாத்தான் வீட்ல சந்தோஷப்படுவாங்க.”

கோழிக் கிளறல்

நோட்டு சுத்தமா இருந்தா அஞ்சு மார்க்கு. பொண்ணுங்களுக்கு நோட்டைத் திறக்காமலே போட்டுடுவார். பசங்களுக்குத் திறந்து பாத்துட்டுப் போட மாட்டார். இதுல மட்டும் அநியாயம் திசை மாறி அடிக்கும். முருகனோட அம்மா நடவு வயல்லேர்ந்து சேத்துக் காலோட நேரா என்கிட்ட வந்து நின்னாங்க. நோட்டை வாங்கிப் பாத்தேன். ஓரத்துக் கோடு மட்டும் அளவெடுத்தாப்பல நேரா இருந்துச்சு, எழுத்தெல்லாம் தாறுமாறு.

“கோடு போட அவங்க அக்கா கீறா டீச்சர், ஆம்பளப் புள்ள எழுத்து கோழி கிளறினாப்பலதான் இருக்கும், அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?”

குமாரியின் அப்பா

முழுப் பரீட்சைக்கு முன்னாடி குமாரியோட அப்பா வந்தார். தாம்பரம் பக்கம் கம்பெனியில லோடு ஏத்துறவர். ஆறாவதுக்குப் படப்பைக்குப் பஸ்ல போகணும், அதை நெனைச்சு அவருக்குப் பயம், அஞ்சாவதோட நிறுத்திடறேன்னார். நான் கெஞ்சினேன், அதட்டினேன், ரெண்டும் எடுபடல. குமாரி கதவோரமா நின்னு எல்லாத்தையும் கேட்டுகினு இருந்தா.

“ஃபர்ஸ்ட் ரேங்க் வந்தா அனுப்பறேன் டீச்சர், இல்லாங்காட்டி வூட்டாண்ட மாட்டைப் பாத்துகினு கெடக்கட்டும்.”

கற்பனை வளம்

அப்பா போட்ட நிபந்தனை கிளாஸ் பூரா பரவிடுச்சு. பரீட்சையில முருகனுக்கு இடம் குமாரி பக்கத்துல. கட்டுரை, ‘எங்கள் வீட்டு மாடு.’ ஹெட்மாஸ்டர் திருத்தி முடிச்சப்போ முருகன் ரெண்டு மார்க்குல முன்னாடி நின்னான், அதுவும் இந்தக் கட்டுரையால; மத்ததுல எல்லாம் ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்கு, முழுப் பரீட்சையில நோட்டு மார்க்கும் கிடையாது. ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணு: ‘காலையில் எழுந்து கோலம் போட்டு, தலை பின்னிக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவேன்.’ முருகன் வீட்ல மாடே கிடையாது. தலையில பின்ற அளவுக்கு முடியும் கிடையாது. எனக்கு வந்த கோவத்துல ரெண்டையும் அவர் முன்னாடி வெச்சேன். ஒரே கட்டுரைக்கு அவனுக்கு ஒம்பது, அவளுக்கு ஏழு எப்படி சார்?

“பொண்ணு தினம் செய்யறதை எழுதியிருக்கா டீச்சர், பையன் செய்யாததை எழுதியிருக்கான் பாருங்க, அதான் கற்பனை வளம்.”

முருகனின் கவலை

விடுவேனா? முருகனைக் கூப்பிட்டேன். அடிதான் விழப்போவுதுன்னு கையை நீட்டிகினே வந்தான். ஹெட்மாஸ்டர் அவனைக் காப்பாத்துற மாதிரி, “நீயா யோசிச்சுத்தானேடா எழுதினே?”ன்னு எடுத்துக் குடுத்தார். பயல் தலையாட்டியிருந்தா முதல் ரேங்க். ஆட்டல. “குமாரியைப் பாத்து எழுதினேன் சார், அவளுக்கே குடுத்துடுங்க”ன்னுட்டான். தானா வந்த ரேங்க்கை யாராவது வேணாங்கிறானாடான்னு அவர் கேட்டார். அவன் சொன்ன பதிலைக் கேட்டதும், ஒம்பதை அடிச்சுட்டு, குமாரி கார்டுல முதல் ரேங்க் போட்டார்.

“அவ நின்னுட்டா ஆறாங்கிளாஸ்ல நான் யாரைப் பாத்து சார் எழுதறது?”

ஜூன்ல ரெண்டு பேரும் ஒரே பஸ்ல படப்பைக்குப் போனாங்க. அங்க ஆம்பளைப் புள்ளைங்களுக்குத் தனி பெஞ்சுன்னு பாவம், முருகனுக்கு யாரும் சொல்லல.