மரண வீட்டுப் பிரசங்கம்

புலம்பெயர்ந்து வந்த ஊரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், எங்கள் வீட்டுக் குசினியில் என் மகள் நடந்து நடந்து பிரசங்கம் சொல்லிப் பார்த்தாள். ஆங்கிலிக்கன் இறையியல் கல்லூரியில் குருவாவதற்குப் படிக்கிறாள். மரண வீட்டில் பேசுவதற்கான பயிற்சி அது. அந்தக் குரலும் நடையும் என்னை மட்டக்களப்புக்குக் கொண்டுபோயின.

என் அப்பாவும் அதே படிப்புப் படித்தவர். விடுமுறையில் வந்தால் கிணற்றடியில் நடந்தபடி உரக்கச் சொல்லிப் பார்ப்பார். ஈரச் சிமெந்தும் சவர்க்காரமும் மணக்கும். உடுப்புத் துவைக்கும் அம்மா, "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க" என்பா.

ஒரு விடுமுறையில் பக்கத்து வீட்டுப் பெடியனைச் சுட்டுவிட்டார்கள். சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் போதகர் வரவில்லை. அப்பாவைப் பேசச் சொன்னார்கள்.

"எல்லாம் கர்த்தரின் சித்தம்" என்று தொடங்கினார்.

பெடியனின் தாய் எழும்பினா. "தம்பி, என்ட பிள்ளையச் சுட்டது கர்த்தரோ?"

அப்பா வேதாகமத்தை மூடினார். அதன்பிறகு அவர் கல்லூரிக்குத் திரும்பவேயில்லை. ஏனென்று எங்கள் வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை.

மகள் நின்றாள். "எப்படி இருக்கு, அம்மா?"

'நல்லா இருக்கு' என்று சொல்லிவிடலாம். அப்பாவுக்கு நடந்ததைச் சொன்னால் இவளும் அவரைப்போலப் படிப்பை விட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"இதில இரு, பிள்ளை" என்றேன். "உன்ட அம்மப்பா ஏன் குருவாகேல்ல எண்டு சொல்லுறன்."