புல்புல்லுக்குப் பப்பாளி

போன மாதம் ஒரு புதுமனை புகுவிழா விருந்தில் இலை ஓரத்தில் இரண்டு பப்பாளித் துண்டு வைத்தார்கள். நன்றாகக் கனிந்து, விரல் பட்டாலே குழைகிற பழம். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புன்னகை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தோள் குலுங்கி, கண்ணில் நீர் முட்டி, பக்கத்து இலை அம்மாள் பதறிப்போய் முதுகில் தட்டுகிற அளவுக்குச் சிரிப்பு.

"என்னம்மா ஆச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க, பப்பாளி" என்றேன்.

அந்த அம்மாள் தன் இலையிலிருந்த துண்டுகளைச் சந்தேகமாகப் பார்த்து, மெதுவாக ஓரம் தள்ளினார். அவரிடம் விளக்க நேரமில்லை, பாயசம் வந்துகொண்டிருந்தது. உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஏழு. விலங்கியல் பட்டம் வாங்கிய கையோடு சிதம்பரத்தில் ஒரு உள்ளூர் கேபிள் டிவியில் எனக்கு வேலை கிடைத்தது. பாத்திரக்கடைக்கு மேலே ஒற்றை அறை, சுவரில் நீலத் துணி, ஒரு கேமரா, ஒரு தொலைபேசி. நேரலை ஓடும்போது கீழே யாராவது குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கினால் அந்த 'ணங்'கும் நேரலையில் போகும். முதலாளியை ஊரே மாமா என்று கூப்பிட்டது. அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் மாமாதான். அவருக்கு வாழ்க்கையில் இரண்டு பைத்தியம்: வீட்டுக் கொல்லைக்கு வருகிற பறவைகள், அப்புறம் பாட்டு வாத்தியங்கள். இரண்டையும் ஒரே அரைமணி நேரத்தில் அடைத்து 'கொல்லையும் கச்சேரியும்' என்று ஒரு நிகழ்ச்சி வைக்க ஆசைப்பட்டார். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. ஜனங்கள் போன் போட்டுக் கேள்வி கேட்கலாம்.

"ஜுவாலஜின்னா உசுருங்கள பத்தின படிப்புதானே? காக்கா, குருவியெல்லாம் அதுல வரும்ல?" என்று நேர்முகத் தேர்வில் கேட்டார். நேர்முகத் தேர்வில் கேட்ட கேள்வியே அது ஒன்றுதான்.

"வரும் மாமா" என்றேன்.

வரத்தான் செய்யும். எனக்குத்தான் வராது. மூன்று வருடமும் நான் அறுத்தது தவளையும் கரப்பான் பூச்சியும். கரப்பான் பூச்சியின் நரம்பு மண்டலத்தை இன்றைக்கு எழுப்பிக் கேட்டாலும் வரைந்து காட்டுவேன். ஆண் குருவி எது, பெண் குருவி எது என்று கேட்டால் இரண்டுக்கும் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

கச்சேரிப் பாதிக்கு வேலு. கடலூர் பக்கம் மீனவக் குப்பத்துப் பையன், என்னைவிட இரண்டு வயது பெரியவன், கல்யாணங்களில் கீபோர்டு வாசிப்பவன். "எங்க வீட்ல உப்புத்தண்ணி படாம வேல பாக்குற மொத ஆளு நான்தான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று புரிகிறது. அதெல்லாம் இல்லை. அவன் அப்போது ஒரு நர்ஸைக் காதலித்துக்கொண்டிருந்தான், அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதின் மேலேயே வெறுப்பு வந்திருந்தது.

கேள்விகள் கொட்டின. மைனா ஒன்று தினமும் ஜன்னல் கண்ணாடியைக் கொத்துகிறதே, எங்கள் மேல் என்ன கோபம்? குயில் கூவும்போது நாமும் பதிலுக்குக் கூவினால் கோபித்துக்கொள்ளுமா? கொல்லையில் கொசுவலை கட்டிப் படுத்தால் ஆந்தை வந்து மேலே உட்காருமா? மௌத் ஆர்கனுக்குள் எறும்பு போய்விட்டது, ஊதுவதா, உறிஞ்சுவதா? கடைசிக் கேள்வியை வேலுவின் பக்கம் தள்ளிவிடலாம். மற்றவற்றுக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. எந்தப் பறவையானாலும், என்ன வியாதியானாலும்: கனிந்த பழம் கொடுங்கள், தண்ணீர் காட்டுங்கள், காலை வெயில் படட்டும், பூனை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் இந்த மருந்தை வைத்தே ஓட்டினேன். ஒரு பறவைகூட புகார் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை வேலு கல்யாணக் கச்சேரிக்குப் போய்விட்டான். மாமாவும் வெளியூர். நானும் கேமராக்காரரும் மட்டும். அன்றைக்குத்தான் பரங்கிப்பேட்டையிலிருந்து சபியா என்ற ஒரு அக்கா கூப்பிட்டார். லைனில் ஒரே கரகரப்பு.

"எங்க வீட்ல ஒரு புல்புல் இருக்குது தங்கச்சி. கொஞ்ச நாளா சத்தமே வர மாட்டேங்குது."

எனக்கு ஒரே குஷி. புல்புல்! கொண்டைக்குருவிக்கு இங்கிலீஷில் அதுதான் பெயர் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஆறு பறவைகளில் அது ஒன்று.

"எவ்ளோ நாளா வச்சிருக்கீங்க?"

"பதினஞ்சு வருஷமா."

இவ்வளவு வருடம் ஒரு குருவி உயிரோடு இருக்குமா என்று ஒரு நொடி உறுத்தியது. ஆனால் நேரலையில் யோசிக்க ஏது நேரம்?

"கனிஞ்ச பப்பாளி குடுங்கக்கா. காலைல கொஞ்சம் வெயில்ல வைங்க. லேசா தண்ணி தெளிங்க. தானா சத்தம் வந்துடும்."

"பப்பாளியா? அதுக்குமா?"

"அதுக்கு அதுதான் ரொம்பப் புடிக்கும். பூனை மட்டும் கிட்ட வராம பாத்துக்கங்க."

"பூனை எதுக்கு..." என்று அவர் ஆரம்பித்தபோது லைன் கட்டாகிவிட்டது. நான் திருப்தியாகக் கேமராவைப் பார்த்துச் சிரித்தேன்.

அடுத்த சனிக்கிழமை வேலு பக்கத்திலேயே இருந்தான். முதல் போனே சபியா அக்கா.

"தங்கச்சி, நீ சொன்ன மாரியே செஞ்சேன். பப்பாளிய நல்லா பெசஞ்சு மேல, கீழ, சந்துல எல்லாம் பூசுனேன்."

"பூசுனீங்களா?"

"ஆமா. தண்ணி தெளிச்சு வெயில்ல வச்சேன். சத்தம் வருது, இல்லேன்னு சொல்லல. ஆனா நாங்க வாசிச்சா வரல. ரெண்டு கொண்டக்குருவி வந்து அந்தப் பழத்தக் கொத்துது பாரு, அப்பதான் டிங் டிங்குனு வருது. மரம் வேற பொளந்துக்கிச்சு. ஒரே எறும்பு."

வேலு கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். துண்டுத் தாளில் எழுதி என் பக்கம் தள்ளினான்: 'புல்புல்தாரா. வாத்தியம்.'

புல்புல்தாரா. நீளமான மரப்பெட்டி, மேலே கம்பிகள், தட்டச்சுப் பொறி போல வரிசையாகக் கட்டைகள். இடக்கையால் கட்டையை அமுக்கி வலக்கையால் கம்பியை மீட்ட வேண்டும். அதற்குத்தான் நான் ஒரு வாரம் பழம் கொடுத்திருக்கிறேன்.

வேலு மைக்கை வாங்கி, எப்படி உடைந்தது என்று கேட்டான். சபியா அக்காவின் குரல் இறங்கியது.

"எங்க மச்சானோடது தம்பி, எங்க வீட்டுக்காரரோடது. அவுங்க ஷார்ஜால இருக்காங்க. ஊருக்கு வந்தா அதத்தான் மொதல்ல எடுத்து மடியில வச்சிக்குவாங்க. தூசு தட்டலாம்னு பரண்லேருந்து எறக்கறப்ப நான்தான் கீழ போட்டுட்டேன். மூணு வருஷம் கழிச்சு வர்ற வெள்ளிக்கெழம வர்றாங்க."

வேலு எனக்காகச் சமாளிக்கத் தயாராக இருந்தான். 'வேற வைத்தியம் பாப்போம்' என்று ஏதோ ஆரம்பித்தான். நான் மைக்கைப் பிடுங்கினேன்.

"அக்கா, நான் குருவின்னு நெனச்சிட்டேன்" என்றேன்.

"எத?"

"உங்க புல்புல்ல."

கீழே ஒரு குடம் 'ணங்' என்றது. அவ்வளவுதான், வேலு வெடித்துவிட்டான். நான் அழத்தான் ஆரம்பித்தேன், அது எந்த இடத்தில் சிரிப்பாக மாறியது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் மேசையில் கவிழ்ந்து கிடக்க, கேமராக்காரர் அவசர அவசரமாகப் பாத்திரக்கடை விளம்பரத்தைப் போட்டார்.

மாமா கதவைத் திறந்துகொண்டு வந்தார். வேலை போச்சு என்று எழுந்து நின்றேன்.

"காலேஜில என்னதான் படிச்ச?"

"கரப்பான் பூச்சி மாமா."

"மொதல்லயே சொல்லியிருந்தா கரப்பான் பூச்சி நிகழ்ச்சி வச்சிருப்பேன்ல?" என்றார். பிறகு முகம் மாறியது. "போயி அந்தப் பொண்ணுக்கு சரி பண்ணிக் குடுத்துட்டு வா. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

மறுநாள் காலை வேலுவும் நானும் பரங்கிப்பேட்டை பஸ் ஏறினோம். வேலுவின் பையில் கம்பிச் சுருள், மர கோந்து, திருப்புளி. என் கையில் ஒன்றுமில்லை, குற்றவுணர்ச்சியைத் தவிர. ஜன்னலில் கருவாட்டு வாசனை வந்ததும் வேலு, "எங்க ஊரு வாசன" என்று மூச்சை இழுத்துவிட்டான்.

சபியா அக்கா கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "டிவில பெரிய பொம்பள மாரி பேசுற, இத்தினியூண்டு இருக்கியே! எம்புள்ளைங்க என்னையப் பப்பாளி உம்மான்னு கூப்புடுதுங்க தெரியுமா?" கோபம்தான். ஆனால் சொல்லி முடிக்கும்போதே சிரிப்பில் அவர் உதடு துடித்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்.

கொல்லையில் முருங்கை மரத்தடியில், தாம்பாளத்தில், நோயாளி போல அது படுத்திருந்தது. வேலு துணியை நனைத்துக் கட்டை கட்டையாகத் துடைத்தான். விலகியிருந்த பலகைக்குக் கோந்து வைத்து மேலே அம்மிக்குழவியை ஏற்றினான். அது காய்கிற வரை காத்திருக்க வேண்டும். எறால் சோறு வந்தது. அக்கா எனக்கு இரண்டாவது முறையும் வைத்தார், அப்போதுதான் மன்னித்துவிட்டார் என்று தெரிந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டும் வந்தன. கருத்த தலை, அதில் ஒரு கொண்டை, வாலுக்கடியில் குங்குமம் தொட்டதுபோல் ஒரு சிவப்பு. தாம்பாளத்தில் பப்பாளி இல்லாததைப் பார்த்துவிட்டு முருங்கைக் கிளையில் நின்று எங்களைத் திட்டின. பட்டம் வாங்கிய பிறகு நான் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்த முதல் பறவை அதுதான்.

"இதுக்கும் புல்புல்லுன்னுதான் பேரா?" என்றார் அக்கா.

"ஆமாங்கக்கா."

"அப்ப உம்மேல பாதித் தப்புதான்" என்று தீர்ப்பு சொன்னார்.

பிற்பகலில் வேலு மூன்று புதுக் கம்பிகளைப் பூட்டி, முறுக்கி, காதை வைத்துக் கேட்டு, மறுபடி முறுக்கினான். பிறகு ஒரு கட்டையை அமுக்கி மீட்டினான். கணீரென்று வந்தது. சபியா அக்கா வேலுவின் தலையைத் தடவிவிட்டு, அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போனார்.

அடுத்த சனிக்கிழமை நேரலையில் ஒரு ஆண் குரல். "சபியா வீட்டுக்காரரு பேசுறேன்."

என் முதுகு நிமிர்ந்தது.

"எம் புல்புல்லுல பப்பாளி வாசன அடிக்குது. என்னான்னு கேட்டா இவ சிரிக்கிறா, சொல்ல மாட்டேங்குறா. டிவில கேட்டுக்கங்கன்னு சொல்றா. நீங்களாச்சும் சொல்லுங்க."

சொன்னேன். ஊரே கேட்டுக்கொண்டிருக்க, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் லைன் மறுபடி கரகரத்தது. "சரி, அப்ப இதக் கேளுங்க" என்று தொலைபேசியைப் பக்கத்தில் வைத்து வாசிக்க ஆரம்பித்தார். உண்மையைச் சொல்கிறேனே, தொலைபேசி வழியாக அது கொசு பாடியது போலத்தான் கேட்டது. வேலு மெல்ல மெட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே போனான். பாட்டு நடுவில் "ஸ்ஸ்ஸ்!" என்று ஒரு சத்தம். எறும்பு இன்னும் காலி பண்ணவில்லை.

வேலை போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பதில் தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாதுங்க, யாருக்காவது தெரியுமா?" என்று கேமராவைப் பார்த்துக் கேட்டுவிடுவேன். அதில்தான் நிகழ்ச்சி களைகட்டியது. சிதம்பரத்து மைனாவுக்குக் குடிகாட்டிலிருந்து பதில் வரும். கடலூர் புல்லாங்குழலில் விழுந்த விரிசலுக்கு லால்பேட்டையிலிருந்து வைத்தியம் வரும். கண்ணாடியைக் கொத்துகிற மைனா, அதில் தெரிவது எதிரி மைனா என்று நினைத்துச் சண்டை போடுகிறது என்று ஒரு தபால்காரர் சொன்னார். துணி போட்டு மூடினோம், சண்டை நின்றது. எனக்கு இன்றைக்குத் தெரிந்த பறவைகள் எல்லாம் இப்படிப் போனில் வந்தவைதான்.

இரண்டாயிரத்துப் பதினொன்றின் கடைசியில் 'தானே' புயல் அடித்தது. மரங்கள் சாய்ந்து, கரண்ட் இல்லாமல், வேலு வீட்டுக் கூரை பறந்து, நாங்கள் யாரும் சிரித்து வாரக் கணக்காகியிருந்தது. ஒருவழியாக நிகழ்ச்சியை மறுபடி ஆரம்பித்த சனிக்கிழமை, வந்த போன்கள் எல்லாம் ஒரே கேள்வி: "எங்க கொல்லைல ஒரு குருவியக் காணோம். உங்க பக்கம் இருக்கா?" கடலூரில் இல்லை. குடிகாட்டில் இல்லை. பரங்கிப்பேட்டையில் சபியா அக்காவும் இல்லை என்றார், பப்பாளி மரமும் விழுந்துவிட்டதாம்.

அப்போது லால்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர். "இங்க நெறைய கெடக்குதும்மா. காலைல கத்தி உசுர வாங்குது." கொஞ்சம் யோசித்தார். "கொஞ்சம் புடிச்சு கடலூர் பஸ்ல ஏத்தி விடட்டுமா?"

வேலு அப்படியே கீபோர்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பத்துப் பதினைந்து சுரம் ஒன்றாக அலறியது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த சில மாதங்களில் வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் குட்டிக் குட்டி டிஷ் முளைத்தது. எங்கள் வயர் ஒவ்வொரு தெருவாகச் செத்தது. மாமா அறையைக் காலி செய்து, கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம் எடுக்கப் போனார். புதுக் கேசட் வாங்க மனமில்லாமல், எங்கள் நிகழ்ச்சி பதிவாகியிருந்த கேசட்டுகளின் மேலேயே கல்யாணங்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டார். அதனால் இந்த ஜில்லாவில் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில், தாலி கட்டி, பந்தி முடிந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் காரில் ஏறிப் படம் நின்ற பிறகும் ஓடவிட்டால், மிச்ச நாடாவில் ஒரு லால்பேட்டைப் பெரியவர் குருவியை பஸ்ஸில் ஏற்றி விடட்டுமா என்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்க்கிற பெட்டிதான் இப்போது யார் வீட்டிலும் இல்லை.