லால்பாக் பாறையில் என் ஒரே சூட்

பாறையில் உட்கார்ந்து சறுக்கினால் கால்சட்டை கிழியும் என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவர முப்பத்தைந்து வயது ஆனது. அதுவும் மைத்துனி கல்யாணத்துக்கு முதல் நாள்.

மாமனார் இல்லாத வீடு. பெண்ணைக் கைப்பிடித்து மாதா கோயிலுக்குள் அழைத்துப் போகிற மரியாதை முறைப்படி என் மனைவியின் பெரியப்பாவுக்குத்தான். ஆனால் அவர் வேஷ்டிக்காரர். மாப்பிள்ளை வீடோ ரிச்சர்ட்ஸ் டவுன். அங்கே சமையல்காரர்கூடக் கோட் போடுவார் என்று பேச்சு. நம்ம பக்கம் ஒரு சூட்டாவது நடந்து போகட்டும் என்று மாமியார் தீர்ப்புச் சொன்னார். குடும்பத்தில் சூட் வைத்திருந்தவன் நான் ஒருவன். ஆக, மரியாதை சூட்டுக்கு. உள்ளே ஆள் வேண்டுமே என்று நான். அதையே தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

“வேலை தலைக்கு மேல கிடக்கு. பிள்ளைங்களை லால்பாக் பக்கம் கூட்டிட்டுப் போங்க. இஸ்திரி போட்ட சூட்டைத் தொடாதீங்க” என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை. லால்பாக்கில் பேண்டு வாசிப்பார்கள். கண்டோன்மென்ட்டில் பாதி அங்கே இருக்கும். தொடாமல் இருக்க முடியுமா? சூட்டும் தொப்பியுமாகப் பின்வாசல் வழியாக நழுவினேன்.

என் மகளும் மச்சான் பையன்கள் இருவரும் வெறுங்காலோடு பாறையில் ஆட்டுக்குட்டிகளாக ஏறினார்கள். சுற்றிப் போனால் சாய்வான வழி உண்டு. ஆனால் பேண்டு கேட்கிற கூட்டத்துக்கு நான் தெரிய வேண்டாமா? செங்குத்தான பக்கத்தையே பிடித்தேன். புது பூட்ஸ் வெண்ணெய் தடவினது போல வழுக்கியது. பாதியில் நாலு காலானேன்.

“மாமா, கோட் ரெண்டு பக்கமும் காக்கா றெக்கை மாதிரி அடிக்குது!” மேலிருந்து சின்னவன்.

“காத்து வாங்கறேன்டா.”

எப்படியோ உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். இறங்குவதற்குப் பிள்ளைகள் தோட்டத்தில் பொறுக்கிய பாக்குமட்டைகளைக் கொண்டுவந்திருந்தார்கள். பையன்கள் அதில் உட்கார்ந்து சர்ரென்று கீழே போய்விட்டார்கள்.

“அப்பா, என் மட்டையை எடுத்துக்கோங்க. நான் நடந்தே இறங்கறேன்” என்றாள் மகள்.

“சூட் போட்டவன் மட்டையில போறதா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?”

கம்பீரமாக ஓரடி வைத்தேன். மீதி வழியைப் பாறையே பார்த்துக்கொண்டது.

கீழே வந்து விழுந்தபோது பலத்த கைதட்டல். பேண்டு ஒரு பாட்டை முடித்திருந்தது. அதற்குத்தான் என்று இன்றுவரை நம்பி வருகிறேன்.

மகள் வந்து என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். “முன்னாடி நல்லாத்தான் இருக்குப்பா.”

ஜட்காவில் முட்டி போட்டபடியே வந்தேன். தெருமுனையில் பிள்ளைகள் குதித்து ஓடினார்கள். “சொல்லிடாதீங்கடா!” என்று கத்தியது யார் காதில் விழுந்தது? நான் இருட்டும்வரை ஒரு மதிலுக்கு முதுகைக் கொடுத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குட் ஈவினிங் சொல்லிக்கொண்டு நின்றேன். பிறகு தொப்பியால் பின்பக்கத்தை மறைத்து, நண்டு நடையில் வீடு சேர்ந்தேன்.

வாசலில் மனைவி.

“ஒண்ணுமில்லை, ரெண்டு தையல் போட்டா சரியாயிடும். நாளைக்குப் பொண்ணை நான்தானே...”

“பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்பியாச்சு.”