பகவதியக்காவுக்கு ஒரு கட்டு வெற்றிலை

தொண்டைக்கு எது நல்லது?

இந்தக் கேள்வியைத் தோவாளையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது உரக்கக் கேட்டுவிடாதீர்கள். நீங்கள் ஏற வேண்டிய பஸ் போய்விடும். சித்தரத்தை என்பார் ஒருவர். திப்பிலி என்பார் இன்னொருவர். பனங்கற்கண்டும் மிளகும் என்று மூன்றாமவர் வாய் திறப்பதற்குள் முதல் இருவருக்கும் சண்டை மூண்டிருக்கும்.

பங்குனி பிறந்ததிலிருந்து அந்த ஊர் முழுக்க வைத்தியர்கள். நோயாளி மட்டும் ஒரே ஒருவர் — வில்லுப்பாட்டுப் பகவதியம்மை.

நமது வாசகர்களில் பலர் அவரைக் கேட்டிருப்பீர்கள். கோவில் கொடைத் திருவிழாக்களில் வில்லுக்கு நடுவே உட்கார்ந்து, வீசுகோலைச் சுழற்றி அடித்து, அம்மன் கதையைப் பாடுகிறவர். எந்த நாடகக் கம்பெனியிலும் சேராதவர். சொந்தக் குழு, சொந்த வில், சொந்த வாய். மாசியில் விஷக்காய்ச்சல் வந்து படுத்தார். ஆள் எழுந்துவிட்டார், குரல்தான் பாதி எழுந்து பாதி படுத்திருந்தது.

அவரைப் பார்க்க டீக்கடை நல்லபெருமாளோடு போயிருந்தேன். நல்லபெருமாள் அக்காவின் முதல் ரசிகர் என்று சொல்லிக்கொள்பவர். கொடை நடக்கும் இடத்தில் எல்லாம் பின்வரிசைக்குப் பின்னால் கடை போடுவார். கதை தொய்கிற இடத்தில் அவருக்கு வியாபாரம். கதை ஏறுகிற இடத்தில் டீ ஆறும். இரண்டுமே அவருக்குச் சம்மதம்.

வீட்டு ஜன்னலில் கஷாயப் புட்டிகள் வரிசையாக நின்றன. போதாததற்குப் பூக்கடைக்காரர்கள் நாள்தோறும் பிச்சிப்பூ அனுப்பியிருந்தார்கள். கல்யாண வீடு போல மணம். அந்த மணத்தில் அக்காவுக்கு ஓயாத தும்மல்.

நல்லபெருமாளும் மடியிலிருந்து ஒரு புட்டியை எடுத்தார்.

“இது என்னதுலே?”

“ஆடாதோடைக் கஷாயம்க்கா. வீட்டுல காய்ச்சினது.”

“அங்கன எடம் இருந்தா வையி. ஏலே, எல்லாவனும் கஷாயம் கொண்டாறிய. ஒருத்தனாவது ஒரு வெத்தல கொண்டாந்தியளா?”

நல்லபெருமாள் பதறிப்போனார். “வெத்தலயா? தொண்ட காறிரும்லாக்கா!”

அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே கொடைக்குப் பாட அழைப்பதென்றால், கமிட்டிக்காரர்கள் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்ட வேண்டும். கலைஞர் அதை எடுத்துக்கொண்டால் நிகழ்ச்சி உறுதி. பங்குனியில் வருகிற வெற்றிலையில்தான் வைகாசி வரை அடுப்பு எரியும். இந்தப் பங்குனியில் அக்கா வீட்டுக்கு அரிசி வந்தது, கருப்பட்டி வந்தது, பழம் வந்தது. வெற்றிலை வரவில்லை.

“டாக்டரு என்ன சொன்னாரு தெரியுமா? புண்ணு ஆறியாச்சு, இனிப் பாடப் பாடத்தான் குரலு தெளியும்னாரு. எங்க உக்காந்து பாட? அடுப்புகிட்டயா?”

“நல்லாத் தேறட்டும்க்கா. இப்பம் பாடி உங்க பேரு கெட்டுரப்பிடாதுல்லா.”

“பேரு கெடாது மக்கா, குழு கலையும். குடம் அடிக்கவன அஞ்சுகிராமத்துப் புதுக் குழுவுல கூப்பிட்டாச்சு. அவனுக்கும் பிள்ளகுட்டி இருக்கு. மொதக் கொடையில நான் உக்காரலேன்னா அவன் போயிருவான். அவன் பொறத்தாலயே பக்கப்பாட்டும் போவும். பொறவு நான் குரல வச்சு என்ன செய்ய, கோழி வெரட்டவா?”



நமக்குப் பிடித்த ஒருவர் விழுந்தால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? போர்த்திப் படுக்க வைக்கிறோம். ஓய்வெடுங்கள் என்கிறோம். கேட்க நல்ல சொல்தான்... ஆனால் யாருக்காக? நம் காதுக்குள் ஒரு பழைய குரல் பத்திரமாக இருக்கிறது. அதன்மேல் புதிதாக ஒரு கீறல் விழக்கூடாது. அவ்வளவுதான் நம் கவலை.

 கடைக்குத் திரும்பியதும் நல்லபெருமாள், முத்தாரம்மன் கோவில் கமிட்டித் தலைவரான பூ வியாபாரி மாடசாமியைப் பிடித்துக்கொண்டார்.

“அக்காவுக்கு வெத்தல வையும்வே.”

“ராத்திரிக்கு அஞ்சுகிராமத்துக்காரங்களுக்கு வச்சாச்சே. இனி மாத்தப்பிடாது.”

“உச்சிக்கொடைக்கு?”

“மத்தியானந்தானே, ரிக்கார்டு போடச் சொல்லியிருக்கு.”

“ரிக்கார்டுக்கு என்ன, வயிறா காயுது? அக்காவ உக்கார வையும்.”

மாடசாமி மீசையைத் தடவினார். “வைக்கலாம்வே. கேக்க ஆளு வேணும்லா?”

நியாயமான கேள்வி. தோவாளைப் பூச்சந்தை விடியுமுன்பே கூடிவிடும். பூப் பறிக்கிறவர், கட்டுகிறவர், விற்கிறவர் என்று பாதி ஊர் கருக்கலில் எழுந்துவிடுகிறது. நமக்கு நடுப்பகல், அவர்களுக்கு அதுதான் நடுநிசி. பங்குனி வெயிலில், கண்ணைச் சுழற்றும் நேரத்தில், பாதிக் குரலைக் கேட்க யார் வருவார்?

“ஒரு நாளு ஒறங்காட்டா செத்தா போவீரு?” என்றார் நல்லபெருமாள். “பூ அனுப்பத் தெரியுதுல்லா? அனுப்புன பூவையெல்லாம் கூட்டுனா ஒரு சப்பரம் சோடிக்கலாம்.”

மறுநாள் தட்டில் வெற்றிலை போயிற்று. மத்தியானம் என்றதும் அக்கா சிரித்தாராம். “அந்நேரம் நீங்கள்லாம் பொணம்லாலே?” முழித்திருப்போம் என்று சத்தியம் செய்திருக்கிறார் மாடசாமி. மைக் வைக்கிறோம், சின்னக் குரலும் எட்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

“மைக்கு வேண்டாம். அது கீறலையும்லா பெருசாக்கும்? கிட்ட வந்து உக்காருங்க, போதும்.”

போன செவ்வாய்க்கிழமை நானும் போனேன். பந்தலுக்குள் அனல். ஆனால் பந்தல் நிறைந்திருந்தது! எல்லோருக்கும் கண் செக்கச்செவேல் என்றிருந்தது. வழக்கமாகத் தூணில் சாய்கிறவர்கள்கூட அன்று வில்லை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நல்லபெருமாள் பின்னால் கடை போட்டு, அடுப்பில் பாலை ஏற்றிவிட்டு, முன்வரிசைக்கு வந்துவிட்டார்.

அக்கா சுருதியை இறக்கித்தான் தொடங்கினார். காப்புப் பாட்டு கரகரவென்று வந்தது. குடக்காரர் அடியை மெதுவாக்கிக் கூடவே நடந்தார். கதை மெல்ல ஏறியது. அம்மன் கோபம் கொண்டு எழுகிற இடம்... குரல் எம்பியது, உடைந்தது, நின்றே போனது. வில்லின் மணிகள் மட்டும் கிணுகிணுத்தன.

பக்கப்பாட்டுக்காரர் வரியைப் பிடுங்கிக்கொண்டிருக்கலாம். அவர் காத்திருந்தார். பந்தலில் ஒருவரும் அசையவில்லை.

அக்கா செம்பிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். சபையைப் பார்த்தார். “ஏலே, டீ குடிக்கப் போறவன் போங்கலே. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

யாரும் எழவில்லை. அந்த அமைதியில் கர்ரென்று ஒரு குறட்டை. மாடசாமி! உட்கார்ந்தபடியே உறங்கிவிட்டிருந்தார்.

“பாத்தியளா, ஒறங்குனாலும் எந்திரிச்சுப் போகல்ல மனுசன்!” என்றார் அக்கா.

பந்தலே குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வீசுகோல் வில்லில் விழுந்தது. அதே வரியை மறுபடி எடுத்தார். முழுதாக வந்தது என்று எழுதினால் பொய். முக்கால் வந்தது.

முடிந்ததும் ஆளாளுக்குப் “பிரமாதம்க்கா” என்றார்கள். அக்கா என் பக்கம் திரும்பினார்.

“பத்திரிகைக்காரரே, நீரு சொல்லும்.”

“ரெண்டு இடத்துல குரல் விழுந்துதுக்கா.”

“மூணு,” என்றார். “ஒண்ண நீரு கவனிக்கல்ல.” முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

ஆரல்வாய்மொழியிலிருந்து வந்திருந்த ஒருவர் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார். துண்டுக்குள் ஒரு கட்டு வெற்றிலை. “எங்க கொடையிலயும் ராத்திரிக்கு வேற ஆளப் பேசியாச்சு. மத்தியானந்தான் இருக்கு...”

“மத்தியானம்னா மத்தியானம். கொண்டாரும்.”

வில்லை அவிழ்த்துக்கொண்டிருந்த குடக்காரர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “எத்தனை மணிக்கு வரணும்க்கா?”

ஆகவே, உங்களுக்குப் பிடித்த பாட்டுக்காரர் நொடித்துப்போனால் கஷாயம் அனுப்புங்கள், தவறில்லை. கூடவே ஒரு வெற்றிலையும் அனுப்புங்கள். பிறகு போய் உட்காருங்கள் — குரல் விழுகிற இடத்திலும்.

நல்லபெருமாளுக்குத்தான் அன்று அடுப்பில் வைத்த பால் முழுக்கப் பொங்கி வழிந்து தீய்ந்துபோயிற்று. ஒரு பயலும் டீக்கு எழுந்து வரவில்லை என்று இன்னும் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார்... எழுந்து போய்ப் பாலை இறக்காத பயல் யார் என்று நான் கேட்கவில்லை.