போர்க்களம் பார்க்கப் போன கோயில் வண்டி

என் மனைவி பதினெட்டு வருஷமாக ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறாள். இரண்டு உலகப் போர்களையும், நம் பக்கத்துப் பாளையக்காரர்கள் வெள்ளைக்காரனோடு மோதியதையும் வருஷத்துக்கு மூன்று செக்‌ஷனுக்கு நடத்தி முடிப்பாள். அப்படி நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்து, "டீச்சர், இதுல ஒரு இடமாவது நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "வர்ற சனிக்கிழமைக்கு ஒரு காரு பிடிங்க."

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கிளார்க். எங்களிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர். அதில் திருப்பரங்குன்றத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு போய் வருவதற்குள்ளேயே அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதனால் மறுபேச்சில்லாமல் ஒரு டிராவல்ஸுக்கு போன் போட்டேன்.

"எந்த பேக்கேஜ் சார்? அறுபடை வீடா, நவக்கிரகமா?"

"கோயில் இல்லைங்க. சண்டை நடந்த இடம், பழைய விமானத் தளம், அந்த மாதிரி."

டிராவல்ஸ்காரர் குரலைத் தாழ்த்தி, "சண்டைன்னா, போலீஸ் கேஸ் ஏதும் இருக்கா சார்?" என்றார்.

"பழைய சண்டைங்க. நூறு, எரநூறு வருஷத்துக்கு முந்தி."

"அப்ப ஒண்ணும் பிரச்சனை இல்ல. ஒரு நாள் வாடகைக்கு அனுப்பிவிடுறேன்."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றது. முன்னால் வரிசையாக ஐந்து சாமி சிலைகள், அவற்றுக்குப் புது மல்லிகைச் சரம், உள்ளே பத்தி வாசனை. டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும். நாங்கள் ஏறுவதற்குள் நான்கு டயருக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். பதினைந்து வருஷமாகக் கோயில் டூர் மட்டுமே ஓட்டுகிறாராம். எந்தக் கோயிலில் எத்தனை மணிக்கு நடை சாத்துவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். "நீங்க இடத்த மட்டும் சொல்லுங்கண்ணே, தரிசனத்த நான் பாத்துக்கிறேன்" என்றார்.

முதலில் மதுரை விமான நிலையத்துக்குப் போகச் சொன்னாள் என் மனைவி. இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட விமானத் தளம் அது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தும் ஒரு தடவைகூட அந்தக் கண்ணோடு பார்த்ததில்லை. டிரைவர் டிக்கியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, "லக்கேஜ் ஒண்ணையும் காணோமேக்கா" என்றார்.

வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் எங்களை மறித்தார்.

"யாரக் கூப்பிட வந்தீங்க?"

"யாரையும் இல்ல" என்றாள்.

"அப்ப யாரு போறாங்க?"

"யாரும் போகல. ரன்வேய மட்டும் பாக்கணும். யுத்தத்துல போட்டது."

காவலர் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். உடம்பு சரியில்லாதவர்களோடு வந்த துணையாளைப் பார்க்கும் பார்வை அது. "கூட்டிட்டுப் போயிருங்க சார்" என்றார், மரியாதையாகத்தான்.

காருக்குத் திரும்பினோம். என் மனைவி முகத்தைப் பார்த்த டிரைவர், "நடை தொறக்கலையாக்கா? வருத்தப்படாதீங்க. வெளியில நின்னு கும்பிட்டாலும் அதே பலன்தான்" என்றார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் இருமி இருமிச் சிரிப்பை அடக்கினேன்.

அடுத்தது காரைக்குடி தாண்டி அதே யுத்தத்தில் போட்ட ஒரு பழைய ஓடுதளம். மேலூர், திருப்பத்தூர் வழி. அவள் மடியில் விரித்து வைத்த காகிதங்களைப் படித்துக்கொண்டே வந்தாள், நான் தூங்கிவிட்டேன். வண்டி நின்ற சத்தத்தில் விழித்துப் பார்த்தால் சுற்றிலும் தேங்காய், அருகம்புல் கடைகள்.

"இது எந்த இடம்?" என்றாள் அவள்.

"பிள்ளையார்பட்டிக்கா. இந்த வழியா வந்துட்டு இவரப் பாக்காம போனா நல்லா இருக்காது. அஞ்சே நிமிஷம்."

எப்படிச் சொல்வது என்று யோசித்து, "தம்பி, நாங்க ஆர்.சி." என்றேன்.

"ஆர்.சி.யா? அது வண்டியிலதாண்ணே இருக்கு" என்று முன்னால் இருந்த பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஆர்.சி. புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "இன்சூரன்ஸும் கரெக்டா இருக்கு, பாத்துக்கங்க."

அன்றைக்கு என் மனைவி முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, நாங்கள் ரோமன் கத்தோலிக்கர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுப் பூசைக்குப் போகிற ஆட்கள் என்பதை விளக்கினாள். டிரைவருக்குக் கை கால் ஓடவில்லை. "மொதல்லயே சொல்லியிருந்தா வேளாங்கண்ணி பேக்கேஜே போட்டிருக்கலாமேக்கா. ராத்திரியே கெளம்பியிருக்கலாம்" என்று மனசார வருத்தப்பட்டார். பிறகு, தான் மட்டும் போய்விட்டு வரலாமா என்று கேட்டு ஓடினார். நெற்றி நிறைய விபூதியோடு திரும்பியபோது கையில் எங்களுக்கு மோதகம் இருந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாத எங்களுக்கு அது அமிர்தமாக இருந்தது.

ஓடுதளம் இருந்த இடத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை. முள்ளுக்காட்டுக்கு நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் நேராக ஒரு கெட்டியான தரை, விரிசல்களில் புல், ஓரத்தில் மேய்கிற மாடுகள். காவலுக்கு இருந்த பெரியவர் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காரோடு உள்ளே விட்டார். என் மனைவி மட்டும் அங்கே எதையோ பார்த்துவிட்டதுபோல இங்கும் அங்கும் நடந்தாள். விமானங்கள் எந்தப் பக்கம் நின்றிருக்கும், காற்று எந்தப் பக்கமிருந்து அடித்திருக்கும் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னாள். டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சூடு தாங்காமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

"இங்க எதுக்குத் தம்பி செருப்பக் கழட்டுனீங்க?"

"எதுக்கும் இருக்கட்டும்ணே."

அதற்குள் அவள் காரில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். "இந்தக் கடைசியிலருந்து அந்தக் கடைசி வரைக்கும் வேகமா ஓட்டுங்க தம்பி. விமானம் கெளம்புறப்ப எப்படி இருக்கும்னு பாக்கணும்."

டிரைவர் ஐந்து சாமிகளையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மிதித்தார். மாடுகள் தலை தூக்கின. ஐம்பது, அறுபது, எழுபது. பின்சீட்டில் நான் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டேன். எண்பதைத் தொட்டதும் வண்டி திணறி அதே வேகத்திலேயே ஓடியது.

"இன்னும் வேகமா" என்றாள்.

"எண்பதுக்கு மேல போகாதுக்கா. வாடகை வண்டி, வேகத்துக்குப் பூட்டு போட்டு வச்சிருக்காங்க."

"விமானம் இந்த வேகத்துல எந்திரிக்காதே."

"நாம எந்திரிக்க வேணாம்க்கா" என்றார் அவர், பயத்தோடு.

வெயில் ஏறிவிட்டது. வழியில் ஓர் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு மூன்றாவது இடத்தைத் தேடினோம். முதல் உலகப் போருக்கு ஆள் அனுப்பிய கிராமங்கள் சிலவற்றில் அந்தக் கால அரசாங்கம் ஒரு கல்வெட்டு நட்டு வைத்திருக்கிறது. அப்படி ஒன்று சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருப்பதாக அவளோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் சொல்லியிருந்தார். போன் மேப்பில் அது இல்லை. டீக்கடையில் விசாரித்தோம்.

"யுத்தக் கல்லா? அப்படி ஒண்ணும் இல்லையே" என்றார் கடைக்காரர்.

"இங்கிலீஷ்ல எழுதியிருக்கும்."

"ஓ, பட்டாளத்துச் சாமியக் கேக்குறீகளா? ஊருணிக் கரையில இருக்கு, போங்க."

டிரைவர் மெதுவாக என் பக்கம் சாய்ந்தார். "சாமின்னு சொல்றாருண்ணே" என்றார். காலையிலிருந்து நாங்கள் மறைத்து வைத்த உண்மை வெளியே வந்துவிட்டதைப் போல அவர் முகம் தெளிந்துவிட்டது.

ஊருணிக் கரையில் வேப்பமரத்தடியில் இடுப்பளவு உயரத்தில் அந்தக் கல் நின்றது. மஞ்சள் துணி சுற்றி, மாலை போட்டு, எத்தனையோ வருஷத்து எண்ணெயும் சந்தனமும் குங்குமமும் ஏறி, எழுத்து என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை. முன்னால் ஒரே ஓர் அகல். என் மனைவி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, குனிந்து, நகத்தால் லேசாகச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"சாமியச் சொரண்டாதத்தா" என்றது பின்னால் ஒரு குரல்.

ஐம்பது வயதுக்கு மேலான ஓர் அம்மா, நூறு நாள் வேலை முடித்து மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே விளக்குப் போடுவது அவர்தானாம். அவர் மாமியார் போட்டது, அதற்கு முன்னால் மாமியாரின் மாமியார். என்ன சாமி என்று கேட்டதற்கு, "பட்டாளத்துச் சாமி" என்றார். அதற்கு மேல் தெரியாது. என் மனைவி, இதில் ஒரு செய்தி எழுதியிருக்கிறது, அதைப் படிக்கத்தான் மதுரையிலிருந்து வந்திருக்கிறோம் என்று எவ்வளவோ சொன்னாள். அந்த அம்மா அசையவில்லை. மண்வெட்டியும் கையை விட்டுப் போகவில்லை.

அப்போதுதான் எங்கள் டிரைவர் முன்னால் வந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, குரலைப் பூசாரி மாதிரி ஆக்கிக்கொண்டு கேட்டார்: "சாமிக்கு அபிஷேகம் எப்பக்கா கடைசியாப் பண்ணுனது?"

"அபிஷேகமா? பொங்கலுக்குப் பொங்க வைக்கிறதுதான். குளிப்பாட்டுனதே இல்லையே."

"இம்புட்டு நாளா இல்லையா?" அவர் உச்சுக் கொட்டினார். "வெயிலு வேற இப்படி அடிக்குது. நாங்க வேணா பண்ணிவைக்கிறோம். டிக்கியில எல்லாச் சாமானும் இருக்கு."

அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு மண்வெட்டியை மரத்தில் சாய்த்தார்.

டிக்கியில் நிஜமாகவே எல்லாம் இருந்தது. சந்தனம், குங்குமம், திரி, எண்ணெய், அகல் விளக்கு, ஒரு பொட்டலம் சீயக்காய். அந்த அம்மா வீட்டிலிருந்து குடமும் தேங்காய் நாரும் கொண்டுவந்தார். தண்ணீர் சுமக்கும் வேலை எனக்கு வந்தது. ஊருணிப் படி வழுக்கிற படி. மூன்றாவது குடத்தோடு வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். பேண்ட்டில் பின்பக்கம் முழுக்கப் பாசி. டிரைவர் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்ற, என் மனைவி புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு மண்டியிட்டு நார் போட்டுத் தேய்த்தாள். எங்கள் வீட்டுத் தோசைக்கல்லை அவள் அப்படித் தேய்த்து நான் பார்த்ததில்லை. ஏழாவது குடத்தில் ஓர் எழுத்து வந்தது. அப்புறம் ஒரு வரி.

அவள் விரலால் தடவித் தடவிப் படித்து, தமிழில் சொன்னாள். "இந்த ஊர்லருந்து பெரிய போருக்குப் போனவங்க ஒன்பது பேர். அதுல உயிர விட்டவங்க ரெண்டு பேர்."

"அம்புட்டுதானா?" என்றார் அந்த அம்மா.

"அவ்வளவுதான்ம்மா."

"பேரு போடலையா?"

"இல்ல."

அந்த அம்மா கல்லின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். "யாரு வீட்டுப் பிள்ளைகளோ" என்றார். அகலைப் பார்த்து, "ரெண்டு பேருன்னா ரெண்டு வெளக்குல்ல வைக்கணும்? நான் ஒண்ணுதான வச்சுக்கிட்டு இருக்கேன். ஒருத்தருக்கு வச்சு ஒருத்தர விட்டுட்டேனே" என்றார்.

என் மனைவி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தெரியாம நடந்தது குத்தம் ஆகாதுக்கா" என்றார் டிரைவர். "இன்னையிலருந்து வைங்க." டிக்கியிலிருந்து ஓர் அகலைக் கொண்டுவந்து பழைய அகலுக்குப் பக்கத்தில் வைத்து, திரி போட்டு எண்ணெய் ஊற்றினார். அந்த அம்மா தீப்பெட்டியை என் மனைவியிடம் நீட்டி, "நீயே ஏத்தும்மா, நீதான படிச்சுச் சொன்ன" என்றார். அவள் ஏற்றினாள். ஏற்றிவிட்டுப் பழக்கத்தில் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இனிமேல் எழுத்தை மறைக்காமல் அதற்கு மேலே உள்ள இடத்தில் மட்டும் சந்தனம் வைப்பதாக அந்த அம்மா ஒப்புக்கொண்டார்.

காளையார்கோவில் அவளுடைய காகிதத்தில் நான்காவது. "அங்க பெரிய சண்டை நடந்திருக்கு, பாக்கணும்" என்றாள். "அங்க பெரிய கோயிலு இருக்குக்கா, பாக்கணும்" என்றார் டிரைவர். அன்றைக்கு முதன்முறையாக இரண்டு பேருக்கும் ஒரே ஊர்மேல் ஆசை வந்தது. ஆனால் மணி ஐந்தரை ஆகிவிட்டது. என் பேண்ட் வேறு ஈரம். மதுரைக்கே திருப்பச் சொன்னேன்.

பூவந்தி தாண்டியதும் டிரைவர் கேட்டார். "அந்த ஒம்பது பேரும் யாரோடண்ணே சண்டைக்குப் போனாக?"

"ஜெர்மன்காரனோட" என்றேன்.

"அவனுக்கும் நம்மாளுக்கும் என்ன வாய்க்கா வரப்புத் தகராறு?"

பின்சீட்டில் கண்ணை மூடியிருந்த என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். முதல் போரை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவர் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டார். எந்த ராஜா, எத்தனை கப்பல், சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள், சைவம் சாப்பிடுகிறவர்கள் பாடு என்ன ஆகியிருக்கும். வகுப்பில் ஒருவரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை என்று அவள் அப்புறம் சொன்னாள். வரிச்சியூர், கருப்பாயூரணி எல்லாம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. வண்டியூர்த் தெப்பக்குளம் வந்தபோதும் போர் முடிந்தபாடில்லை. டிரைவர் தெப்பக்குளத்தோரம் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "சொல்லுங்கக்கா."

நான் இறங்கி மூன்று தம்ளர் பருத்திப்பால் வாங்கி வந்தேன். ஒரு கையில் தம்ளரும் மறு கையில் காகிதமுமாக அவள் சொல்லிக்கொண்டே போனாள். குளத்து மண்டபத்தில் விளக்குப் போட்டுவிட்டார்கள். நான் ஈரப் பேண்டோடு மறுபடியும் சீட்டில் உட்கார மனமில்லாமல் குளத்துச் சுவரில் சாய்ந்து நின்று, கார் ஜன்னல் வழியாக வந்த அவள் குரலைக் கேட்டுக்கொண்டே என் தம்ளரை மெதுவாகக் குடித்து முடித்தேன்.